அம்பர் செண்டின் சூடும் திணையும்: ஒரு முன்னாய்வு

அம்பர் செண்ட் வெதுவெதுப்பானது என்பது உலகோர் துணிபு. விற்பவர் சொல்கிறார், வாங்குபவர் சொல்கிறார், வாங்காமல் மணிக்கட்டை மட்டும் நீட்டி ஓசியில் தெளித்துக்கொண்டு நடையைக் கட்டுகிறவரும் சொல்கிறார். எலுமிச்சையை யாரும் அப்படிச் சொல்வதில்லை. மல்லிகைக்கும் அந்த அடைமொழி கிடையாது. அம்பருக்கு மட்டும் அது எப்படி வாய்த்தது, பொருந்துமா, பொருந்தும் எனில் எந்தக் கணக்கில் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இப்பொருள் பற்றித் தமிழில் முன்னோடி நூல்கள் கைக்கு அகப்படவில்லை. தேடவும் இல்லை.

முதலில் கருவி. வீட்டில் இருந்த டிஜிட்டல் காய்ச்சல்மானியின் முனை அம்பர் குப்பியின் வாய்க்குள் செலுத்தப்பட்டது. சற்று யோசித்துவிட்டு அது ‘லோ’ என்று காட்டியது. மனித உடம்பின் சூட்டுக்கு வெகுவாகக் கீழே இருக்கும் எதையும் எண்ணாகச் சொல்லிக் கௌரவிப்பதில்லை என்பது அக்கருவியின் கொள்கை. எனவே அறையின் சூடே குப்பியின் சூடு என்று கொள்ள வேண்டியதாயிற்று. தோலில் தெளித்துப் பார்த்ததில் நிலைமை இன்னும் மோசம். செண்டில் பெரும்பங்கு ஆல்கஹால். அது ஆவியாகிப் போகும்போது தோலின் வெப்பத்தையும் கையோடு கொண்டுபோகிறது. ஊசி போடுமுன் நர்ஸ் தடவும் பஞ்சு சில்லென்று இருப்பது இதனால்தான். ஆக, இயற்பியலை மட்டும் நம்பினால் அம்பர் செண்ட் ஒரு குளிரூட்டி. ஆய்வு இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் உலகோர் துணிபைக் காய்ச்சல்மானியின் பேச்சைக் கேட்டுத் தள்ளிவிடுவது ஆய்வறம் அன்று.

குப்பிக்குள் இருப்பது யாது?

அம்பர் என்றதும் இரண்டு பேர் உரிமை கொண்டாடி வருவார்கள். ஒருவர் நகை வியாபாரி. பால்டிக் கடலோரத்தில் கிடைக்கும், கோடிக்கணக்கான ஆண்டு மண்ணில் கிடந்து கல்லாகிப்போன மரப்பிசினைக் காட்டி ‘அம்பர் இதுதான்’ என்பார். அதை மூக்கருகே வைத்துப் பார்த்தால் சொல்லும்படி ஒன்றும் வராது. கொளுத்தினால் வரும். நகையைக் கொளுத்தி மோந்து பார்க்கும் வசதி இவ்வாய்வுக்கு இல்லை. மற்றவர் திமிங்கலக்காரர். அவரைப் பற்றிப் பின்னால் வரும்.

கடையில் அம்பர் என்று விற்கும் செண்டில் பெரும்பாலும் இந்த இரண்டும் இல்லை. இருப்பவை மூன்று. லப்டானம் என்னும் பிசின், சாம்பிராணி, வனிலின். டோங்கா விதை, கொஞ்சம் பச்சிலை, கொஞ்சம் சந்தனம் என்று கைச்சரக்கைச் சேர்ப்பது அவரவர் சாமர்த்தியம், அடிப்படை இம்மூன்றே. முதல் இரண்டும் பழங்காலச் சரக்கு. மூன்றாவது 1874இல்தான் செயற்கையாகக் கிடைத்தது. டீமன், ஹார்மன் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஊசியிலை மரச்சாற்றில் கிடைத்த ஒரு பொருளிலிருந்து அதைச் செய்தார்கள். வனிலாக் காயின் விலையைக் கேட்டு ஓடிப்போன செண்ட்காரர்கள் திரும்பி வந்தது அதற்குப் பின்புதான். அம்பர் செண்ட் ஏதோ கீழை நாட்டு அரண்மனைகளில் பழங்காலம்தொட்டுப் புழங்கியது போல விளம்பரப் படங்கள் காட்டும். இன்று நாம் அறியும் வடிவில் அதன் வயது ரயில் வண்டியின் வயதைவிடக் குறைவு.

சூட்டின் வகை

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். மிளகாயைத் தின்றால் நாக்கு எரிகிறதே, அதுவும் காய்ச்சல்மானியில் ஏறாத சூடுதானே, அம்பரும் அவ்வகையோ எனின், நல்ல கேள்வி என்க. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், உண்மையான சூட்டை உணரும் நரம்பு வாயிலையே தட்டித் திறந்துவிடுகிறது. புதினாவின் மென்தால் குளிரை உணரும் வாயிலைத் திறக்கிறது. நரம்பு ஏமாறுகிறது, மூளை அதை நம்புகிறது. இந்த வாயில்களைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூடியன் இருவருக்கும் 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் நமக்கு வேண்டியது ஒரு குடும்பச் செய்தி. மிளகாய்ச்செடி தன் காரத்தைச் செய்யும் வழியில் முதலில் செய்துகொள்வது வனிலினை. கேப்சைசினின் தலைப்பாகம் வனிலின் வழி வந்தது. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வால். வால் இல்லாததால் வனிலின் எரிப்பதில்லை. அம்பரின் இனிப்பும் ஆந்திரத்து மிளகாயும் பங்காளிகள் என்பது கல்யாணப் பத்திரிகையில் போடத்தக்க உறவு என்றாலும், நம் கேள்விக்கு விடை ஆகாது. வனிலின் மூக்கைச் சுடுவதில்லை. நரம்பை ஏமாற்றியதாக அதன்மீது வழக்குப் போட முடியாது.

ஆகவே களத்துக்குப் போக வேண்டியதாயிற்று. திருவல்லிக்கேணியில் ஓர் அத்தர் கடை. கல்லாவில் இருந்தவர் காது மடலில் பஞ்சு செருகியிருந்தார். அம்பர் கேட்டதும் கண்ணாடிக் குச்சியைத் தொட்டு என் புறங்கையில் ஒரு கோடு இழுத்தார்.

“இது சூடு, தம்பி. மழைக்காலத்துல போடுங்க. வெயில்ல போட்டா தலை வலிக்கும்.”

“வெயிலுக்கு என்ன பாய் போடறது?”

“கஸ் போடுங்க. நீங்க வெட்டிவேர்னு சொல்றீங்களே, அதான். குலாப் போடலாம். அதெல்லாம் குளிர்ச்சி.”

அத்தர் வியாபாரத்தில் இது வடக்கே கன்னோஜ் வரை செல்லுபடியாகும் பாகுபாடு. ஹினா, ஷமாமா, அம்பர், ஊது எல்லாம் சூடு. கஸ், ரோஜா, தாழம்பூ, மழை பெய்த மண்ணை வடித்தெடுக்கும் மிட்டி எல்லாம் குளிர்ச்சி. மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்று சொல்லும் நமக்கு இதில் வியக்க ஒன்றும் இல்லை. டாக்டர்கள் சிரிப்பார்கள். ஆனால் பாய் சொன்னதில் டாக்டரும் ஒப்பும் பகுதி ஒன்று உண்டு. லப்டானத்திலும் சாம்பிராணியிலும் மணப்பவை லேசில் ஆவியாகாதவை. காகிதத்தில் தெளித்தால் மந்தமாகக் கிடக்கும். உடம்புச் சூடு பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வரும். கழுத்து, மணிக்கட்டு, காது மடலின் பின்புறம் என்று நாடி துடிக்கும் இடமாகப் பார்த்துத் தடவச் சொல்வது அதற்காகத்தான். இதனால் பெறப்படுவது யாதெனில், அம்பர் நமக்குச் சூடு தருவதில்லை, நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. வாங்கியதற்கு நல்ல பேரைத் தானே வைத்துக்கொள்கிறது. இப்படிப்பட்டவர்களை எல்லா அலுவலகத்திலும் காணலாம்.

தலை, இடை, கடை

மேலைநாட்டுச் செண்ட்காரர் ஒரு வாசனையை மூன்றாகப் பிரிப்பர். தெளித்ததும் எழுவது, நடுவில் நிற்பது, அடியில் தங்குவது. தமிழில் இதைத் தலை, இடை, கடை எனலாம். புலவர் முதல் வள்ளல் வரை நாம் அப்படித்தானே பிரித்தோம். ஆனால் இங்கே வரிசை தலைகீழ். 1925ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஜாக் கெர்லான் காட்சிக்கு வைத்த ஷாலிமாரை எடுத்துக்கொள்வோம். அம்பர் வகையின் ஆகிவந்த சான்று இதுவே. தெளித்ததும் எழுவது பெர்கமோட் என்னும் ஒருவகை நாரத்தை. அள்ளி ஊற்றியிருக்கிறார்கள். பளிச்சென்று வரும். காபி ஆறுவதற்குள் போய்விடும். அப்புறம் ரோஜா, மல்லிகை, ஐரிஸ் வருகின்றன, அவையும் விருந்தாளிகள். எல்லாரும் போன பிறகு வனிலாவும் பிசின்களும் புகையும் தோலும் கலந்த ஒன்று உட்கார்ந்திருக்கும். மறுநாள் சால்வையை எடுத்தாலும் இருக்கும். ஒரு செண்டை அம்பர் என்று ஆக்குவது இந்தக் கடைதான். தலையைப் பார்த்து வாங்குகிறோம், கடையோடு வாழ்கிறோம்.

இந்த ஷாலிமாரைச் சுற்றி ஒரு கதை உண்டு. ஷாஜகான் மும்தாஜுக்காக அமைத்த தோட்டத்தின் பெயர் இது என்பார்கள். ஆய்வாளன் கடமை ஆண்டைப் பார்ப்பது. மும்தாஜ் புர்ஹான்பூரில் இறந்தது 1631. லாகூரில் ஷாஜகானின் ஷாலிமார் தோட்டத்துக்கு வேலை தொடங்கியது 1641. ஸ்ரீநகரில் அதே பெயரில் பழைய தோட்டம் ஒன்று உண்டு. அதை அமைத்தவர் ஜகாங்கீர். எனவே அந்தக் காதல் குப்பியில் நிற்பது ஒன்று மனைவியை இழந்தவர் தோட்டம். இல்லையேல் மாமனார் தோட்டம். விற்பனை இதனால் பாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

திணை ஆராய்ச்சி

காய்ச்சல்மானி, நரம்பு, அத்தர் கடை என மூன்று வழியும் பாதியில் நின்றபின், நமக்கென்று இருக்கும் அளவுகோலை எடுக்கலாம். நிலம், பொழுது, கருப்பொருள், உரிப்பொருள் பார்த்து ஒன்றைத் திணையில் வைத்துவிட்டால் அதன் குணம் தானே விளங்கும்.

நெய்தலுக்கு உரியது அம்பர் என்பார் வாதம் திமிங்கலத்தின் மேல் நிற்கிறது. எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில், செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றி உருவாகும் ஒரு கட்டி கடலில் மிதந்து, உப்பிலும் வெயிலிலும் பதப்பட்டுக் கரை ஒதுங்குவதே அம்பர்கிரிஸ். கடல்படு பொருள்களில் ஒன்றாக உரைகாரர் எண்ணும் ஓர்க்கோலை இதுவே என்பர். நம் பத்திரிகைகள் இதைத் திமிங்கல வாந்தி, எச்சம், உமிழ்நீர் என்று நாளுக்கொரு துறைக்கு மாற்றி எழுதுகின்றன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் இதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் காரில் கொண்டுபோய்ப் பிடிபட்டவர்களின் படம் அடிக்கடி வருகிறது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அந்தப் படங்களில் நிற்பவர் முகத்தில் அது பொருந்தி வருகிறது. மாமனார் தோட்டத்தை விடுத்துப் பார்த்தால், மும்தாஜ் கதைக்கும் அதுவே உரிப்பொருள். ஆனால் கடைக் குப்பியில் திமிங்கலம் இல்லை. அந்த மணத்தை இப்போது கிளாரி சேஜ் என்னும் செடியிலிருந்து அம்ப்ராக்சான் என்று செய்துவிடுகிறார்கள். கடலே இல்லாத நெய்தலை ஏற்பதற்கில்லை.

குறிஞ்சிக்கு வாதம் வலுவானது. சாம்பிராணி மலைப்பொருள். சுமத்ராவின் வடபகுதி மலைகளில் ஸ்டைராக்ஸ் மரத்தின் பட்டையைக் கீறிவிட்டுக் காத்திருந்து, கசிந்து உறைந்த பிசினைப் பெயர்த்து எடுக்கிறார்கள். அந்தக் கரையில் பாருஸ் என்ற பழைய துறைமுகத்தருகே, லோபு துவாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. ஆண்டு 1088. ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழு வைத்தது. மரக்கல நாயகர் முதலானோர் செலுத்த வேண்டிய ஆயத்தைக் கஸ்தூரியின் விலைக்கு ஒப்பப் பொன்னால் செலுத்துக என்கிறது. வாசனையை அளவுகோலாக வைத்து வரி வாங்கியவர்கள் நம் ஆட்கள். கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்பெற்ற துறை அது. இந்தச் சரக்கு தமிழ் வீட்டுக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதற்குச் சான்று தேவையில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தையைத் தூபக்கால் அருகே கொண்டுபோய்ப் புகை காட்டுகிறோம். பிள்ளை பெற்றவளின் ஈரத் தலையை அந்தப் புகையில்தான் உலர்த்துகிறோம். ஆகவே தமிழ் மூக்கு சாம்பிராணியை முதன்முதலில் சந்திக்கும்போதே அங்கே தணல் இருக்கிறது, துவட்டிய உடம்பு இருக்கிறது. வெதுவெதுப்பு உண்மையாகவே உண்டு. பிற்பாடு எந்தக் குப்பியில் அதை மோந்தாலும் மூளை பழைய கணக்கைப் புரட்டுகிறது. ஐரோப்பியர் மூக்குக்கு இதே வேலையை வனிலா செய்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய கேக், சூடான பால். விலையுயர்ந்த வெளிநாட்டு அம்பரைப் பூசிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போனபோது ஒரு பெரியம்மா நாலு பக்கமும் பார்த்துவிட்டு, “வெள்ளிக்கிழமைகூட இல்லையே, யாருடி சாம்பிராணி போட்டது?” என்று உள்ளே குரல் கொடுத்தார். மதிப்புரை என்றால் அது.

அப்படியானால் குறிஞ்சி என்றே முடித்துவிடலாமே எனின், அற்றன்று. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். செண்ட் விளம்பரங்கள் அனைத்தும் அந்த ஒன்றையே பற்றிக்கொண்டு தொங்குகின்றன. அம்பர் விளம்பரம் என்றால் இருட்டு, பட்டு, அரைக்கண் பார்வை. ஆனால் பூசிக்கொண்டு நடமாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது அந்த அவசரம் உள்ள வாசனை அன்று. அதற்கு மல்லிகை உண்டு; மல்லிகை அந்த வேலையை வெகுநாளாக ஒழுங்காகச் செய்து வருகிறது.

எஞ்சியது லப்டானம். இதுதான் அம்பரின் முதுகெலும்பு. தோல், தேன், உலர்ந்த திராட்சை, கொஞ்சம் ஆட்டு மந்தை என்று எல்லாம் கலந்த மணம். கிரீட் தீவு, சைப்ரஸ், ஸ்பெயின் பக்கத்துப் புதர்க்காடுகளில் சிஸ்டஸ் என்றொரு செடி. வெயில் ஏற ஏற இலையிலும் தண்டிலும் பிசின் கசிந்து பிசுபிசுக்கும். அதற்குள் புகுந்து மேயும் ஆடுகளின் தாடியிலும் தொடை மயிரிலும் அது அப்பிக்கொள்ளும். ஆயர் அதைச் சீவி எடுப்பார்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் இதை எழுதிவிட்டார். அரேபியாவைப் பற்றிச் சொல்லும் இடத்தில், இத்தனை நல்ல மணம் கிடாவின் தாடியில் போயா இருக்கும் என்று வியக்கிறார். கிடாவின் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வியப்பு விளங்கும். கிரீட்டில் பின்னர் ஆட்டுக்குப் பதில் தோல்வார் கட்டிய ஒரு வாரியைச் செடிமேல் இழுத்துப் பிசினை எடுத்தார்கள். ஆடு ஓய்வு பெற்றது. இப்போது ஸ்பெயினில் கிளைகளை வெட்டிப் போட்டு வேகவைத்து எடுக்கிறார்கள்.

காடு, ஆயர், ஆடு. நிலமும் கருவும் முல்லை. பொழுது? முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. பாய் மழைக்காலம் என்றார். மேலைநாட்டார் அம்பரை இலையுதிர் காலத்து மாலைக்கு என்கிறார்கள். இருவரும் தொல்காப்பியம் படித்திருக்க நியாயமில்லை, ஆயினும் ஒத்துப்போகிறார்கள். இதற்கு எதிர்வாதம் ஒன்று சொல்லலாம். லப்டானத்தை எடுப்பது வேனிற்காலத்து நண்பகலில். அது பாலைக்கு உரிய பொழுது ஆயிற்றே? ஒக்கும். முல்லை வெயிலில் திரிந்தால் பாலை ஆகும் என்று இளங்கோவடிகளே வழி காட்டியிருக்கிறார். எடுப்பவனுக்குப் பாலை, பூசுபவனுக்கு முல்லை. கூலி வேலை பெரும்பாலும் இப்படித்தான் பிரிந்திருக்கிறது.

இனி உரிப்பொருள். முல்லைக்கு இருத்தல். போனவன் வருவான் என்று விளக்கேற்றிவிட்டு இருப்பது. அம்பர் செய்கிற ஒரே தொழிலும் அதுதான். நாரத்தை போனபின் இருக்கிறது, பூக்கள் போனபின் இருக்கிறது, பூசியவர் எழுந்து போனபின் நாற்காலியில் இருக்கிறது. லேசில் ஆவியாகாமை என்று வேதியியலார் சொல்வதையும் வெதுவெதுப்பு என்று கடைக்காரர் சொல்வதையும் ஒரே சொல்லில் முடிக்கலாம். இப்போதுதான் ஒருவர் எழுந்துபோன இருக்கையில் கை வைத்தால் தெரியும் சூடு எவ்வகையோ அவ்வகையே அம்பரின் சூடு. ஆள் இருந்தார் என்பதற்கு அது அத்தாட்சி. இருந்தவர் வேண்டியவராக இருக்க வேண்டும் என்பது தனிக் கதை.

இதற்கு விலங்குகளிடமிருந்தும் சான்று உண்டு. 2003இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில் 24 செண்டுகளைத் தெளித்து, சிவிங்கிப்புலிகள் எதனருகே அதிக நேரம் நிற்கின்றன என்று பார்த்தார்கள். வென்றது கால்வின் க்ளைனின் ‘அப்செஷன் ஃபார் மென்’. அம்பரும் வனிலாவும் புனுகு மணமும் கூடிய சரக்கு. பின்னர் குவாத்தமாலாக் காடுகளில் தானியங்கிக் கேமராக்களின் முன்னால் ஜாகுவார்களைக் கொஞ்சம் நிற்கவைக்க அதையே தெளித்தார்கள். உடம்புப் புள்ளிகளை வைத்து அடையாளம் காண அவை நின்றாக வேண்டும். 2018இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் காடுகளில் ஒரு பெண் புலியைத் தேடிய வனத்துறையும் அதைத் தெளித்துப் பார்த்தது. பூனைக் குடும்பம் புனுகுக்கு நின்றதா, வனிலாவுக்கு நின்றதா என்ற வழக்குக்குள் இக்கட்டுரை நுழையவில்லை. நின்றது என்பதே நமக்குப் போதும். இருத்தல் ஒன்றைத் தவிர அம்பர் அவற்றிடம் வேறெதையும் கேட்கவில்லை.

அப்படியானால் சாம்பிராணியின் குறிஞ்சியும் லப்டானம் எடுப்பவனின் பாலையும் சட்டவிரோதமான நெய்தலும் என்னாவது என்பார்க்குத் தொல்காப்பியர் விடை வைத்திருக்கிறார். உரிப்பொருள் தவிர மற்றவை ஒன்றோடொன்று மயங்கலாம் என்பது அவர் விதி. செண்ட் தொழிலுக்கு இதைவிடக் கச்சிதமான கைநூல் பாரிஸிலும் இல்லை. எந்த நிலத்துச் சரக்கை வேண்டுமானாலும் கலக்கட்டும். இருத்தல் கெடாதவரை அது அம்பர். 2021இல் செண்ட் வகைபாட்டாளர் மைக்கேல் எட்வர்ட்ஸ், ‘ஓரியண்டல்’ என்று அதுவரை வழங்கிய பெருங்குடும்பத்தின் பெயரை எடுத்துவிட்டு ‘அம்பர்’ என்று வைத்தார். திசையைச் சொல்லும் பெயர் போய்ப் பொருளைச் சொல்லும் பெயர் வந்தது நல்லதே. முல்லை என்று வைத்திருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும். அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

விலக்குகள்

பொழுது மாறினால் திணை கெடும். மே மாதம், பகல் ஒரு மணி, ஷேர் ஆட்டோ. உள்ளே ஏழு பேர், அவர்களில் ஒருவர் அம்பர். அங்கே இருத்தல் என்பது மற்ற அறுவருக்கும் உரிப்பொருளாகிவிடுகிறது, இறங்கவும் வழியில்லை. இவ்வகைக் குற்றத்துக்கு அளவே காரணம். அத்தரில் ஒரு துளி, ஸ்ப்ரேயில் இரண்டு அழுத்து என்பது நூல் வழக்கு. குளிர்பதனப் பேருந்துக்கு அதில் பாதி. லிஃப்டுக்குப் படி ஏறிப் போகலாம்.

மருதம் மட்டும் இக்கட்டுரையில் ஆராயப்படாமல் நிற்பது கற்றோர் கண்ணுக்குத் தப்பியிராது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் சட்டைக்கு அம்பர் எளிதில் மாறும், மாறியபின் நாள்கணக்கில் போகாது, துவைத்தும் முழுவதும் போகாது என்பவற்றால் இத்திணைக்கு அம்பர் ஆற்றும் பணி பெரிது என்று ஊகிக்கலாம். ‘லிஃப்டில் பக்கத்தில் நின்றவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது’ என்ற விளக்கம் வீட்டில் எந்த அளவுக்குச் செல்லுபடியாயிற்று என்று விரிவாகச் சொல்ல ஒரு தகவலாளர் முன்வந்தார். கட்டுரை அச்சாகப்போகிறது என்று கேள்விப்பட்டதும் தம் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருடைய மனைவி இப்பத்திரிகையின் சந்தாதாரராம்.